இடுப்பில் உறுத்தாத துப்பாக்கி உறை எது?

கோடை தொடங்கிய சமயம், ஹூஸ்டனுக்கு மேற்கே எங்கள் ஊரில் உள்ள இந்தியன் கடையில் பில் போட வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தெரிந்த தம்பி ஒருவர். ஐந்து நிமிடத்தில் அவர் கை வலது இடுப்புக்கு ஏழெட்டு முறை போய்வந்தது. சட்டையை இழுத்துவிட்டார், பேன்ட்டைத் தூக்கினார், மறுபடி சட்டையைத் தடவினார். வெளியே வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "உறை உறுத்துதா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"வெளிய தெரியுதா அண்ணே?"

"துப்பாக்கி தெரியல. உங்க கைதான் காட்டிக் கொடுக்குது."

கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அதற்கு 20 டாலரில் ஒரு நைலான் உறை. இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவந்து செருப்புக்கடி மாதிரி ஆகிவிட்டதாம். அதனால் பாதி நாள் துப்பாக்கியைக் காரின் கிளவ் பாக்ஸிலேயே போட்டுவிட்டுப் போகிறாராம். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. உறுத்தும் உறை நம்மைச் சும்மா விடாது. பொது இடத்தில் தொட்டுப் பார்க்க வைக்கும், கழற்றி எங்கேயாவது வைக்கச் சொல்லும். அமெரிக்காவில் திருடுபோகும் துப்பாக்கிகளில் நிறையப் போவது நிறுத்திவைத்த கார்களிலிருந்துதான். சௌகரியத்தை நான் ஆடம்பரமாகப் பார்க்காததற்குக் காரணம் இதுவே. நாள் முழுக்க உடம்போடு இருக்கக்கூடிய உறைதான் துப்பாக்கியைக் கண்ட கைக்குப் போகாமல் காக்கும்.

உறைக்குப் போகுமுன் சட்டம். எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குமுன் வக்கீலைப் பாருங்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில், அந்த மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு இருக்கிறது. உரிமம் இல்லாதவருக்கு அது இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. கடை, ஆஸ்பத்திரி, கோயில் எதுவானாலும் வாசலில் துப்பாக்கி கூடாது என்று அறிவிக்கும் 30.05, 30.06 எண் போட்ட பலகை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் வேண்டும். கோயிலுக்குப் போகும் நாளில் நான் எடுப்பதே இல்லை. வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகிறேன்.

உறையிடம் சௌகரியத்தைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். விசையை, அதாவது டிரிகரை, முழுக்க மூடுகிறதா? வெளியிலிருந்து விரலோ துணியோ அழுத்தினாலும் விசை அசையாத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறதா? குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறதா? கிளாக் போன்றவற்றில் தனியாக ஒரு பூட்டுக் குமிழ் கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். அதனால் உறைதான் அங்கே பூட்டு. 2008 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ், உறையே இல்லாமல் தொளதொள பேன்ட்டின் இடுப்பில் ஒரு கிளாக்கைச் செருகிக்கொண்டு மன்ஹாட்டன் இரவு விடுதிக்குப் போனார். அது நழுவிக் காலுக்குள் இறங்கியது. பிடிக்கப் போன கை விசையில் பட்டு, தொடையில் குண்டு பாய்ந்தது. 2009இல் ஆயுதக் குற்றத்துக்காக இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் சேர்ந்தது. இந்த மூன்றில் ஒன்று தேறாவிட்டாலும், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் உறையைக்கூட நான் கையால் தொட மாட்டேன்.

தேறியவற்றுக்குள்தான் ஒப்பீடு.

எங்கே அணிவது என்பதில் முடிவு பெரிய அளவுக்கு அடங்கிவிடுகிறது. இதைப் பழகியவர்கள் இடுப்பைக் கடிகாரமாகச் சொல்வார்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி. பேன்ட்டுக்குள் 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் செருகுவது பழைய, பரவலான முறை. நிற்கும்போதும் நடக்கும்போதும் இதைப் போல் சுகம் வேறில்லை. விலாவுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அழகாக உட்கார்ந்துவிடும். உறையை 10 முதல் 15 டிகிரி முன்னால் சாய்த்துக் கட்டினால் துப்பாக்கியின் பிடி முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

கஷ்டம் காரில் ஏறியதும் தொடங்குகிறது. இங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். சீட் பெல்ட்டின் கொக்கி மாட்டும் இடம் சரியாக உங்கள் வலது இடுப்பில் வருகிறது. வலக்கைக்காரருக்குத் துப்பாக்கியும் அங்கேதான். கொக்கி மாட்டும்போதெல்லாம் உறையோடு மல்லுக்கட்ட வேண்டும். இருக்கையின் பக்கத் திண்டு வேறு துப்பாக்கியை விலாவுக்குள் தள்ளும். தம்பிக்கு ஒரு நடைக்கு 45 நிமிட ஓட்டம், போய்ச் சேர்ந்தால் கைப்பிடி வைத்த நாற்காலியில் எட்டு மணி நேரம். அவர் இடுப்பு சிவந்ததில் ஆச்சரியமில்லை. இன்னொன்று, இடுப்பை வளைத்துக் குனிந்தால் பிடி முதுகுப் பக்கம் சட்டையை முட்டித் தூக்கும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கப் பழகினால் அது மறையும்.

இரண்டாவது, முன்பக்கம், 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் அணிவது. இங்கே 'அப்பெண்டிக்ஸ்' என்பார்கள். இளைஞர்கள் பலர் இப்போது இதற்குத்தான் மாறுகிறார்கள். மறைப்பு அபாரம். காரில் கொக்கி இடிக்காது. கூட்டத்தில் யாரும் பின்னாலிருந்து தொட முடியாது. ஆனால் முதல் நாள் போட்டு உட்கார்ந்தவர் பெரும்பாலும் அன்றே கழற்றிவிடுவார். குழல் முனை தொடை மடிப்பில் குத்தும், பிடி வயிற்றில் ஏறும்.

இங்கேதான் சின்னச் சின்ன பாகங்கள் வேலை செய்கின்றன. உறையின் அடிப்பக்கம் உடம்பை நோக்கி ஒரு ரப்பர் ஆப்பு வைத்தால் அடி வெளியே தள்ளப்பட்டு மேலே உள்ள பிடி வயிற்றோடு ஒட்டும். குத்தும் முனைக்கு மெத்தை வைத்தது போலவும் ஆகும். விசைக்கருகே பெல்ட்டை உள்ளிருந்து அழுத்துமாறு ஒரு சிறகு போன்ற துண்டு உண்டு, 'கிளா' என்பார்கள். அது பிடியைப் பக்கவாட்டில் உடம்புக்குள் திருப்பிவிடும். இரண்டும் சேர்ந்தால் கிளாக் 19 அளவுள்ள துப்பாக்கிகூட டி-சர்ட்டுக்குள் மறையும். புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்துக்குக் குட்டை உறையைவிட ஓரளவு நீளமான உறையே பலருக்குச் சுகமாக இருக்கிறது. குட்டை உறையில் கனமெல்லாம் பெல்ட்டுக்கு மேலே நிற்பதால் பிடி வெளியே சாய்ந்துகொண்டே இருக்கும். நீளமானது கீழே ஊன்றிக்கொள்ளும்.

தொந்தி உள்ளவருக்கு முன்பக்கம் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. முழு உண்மையில்லை. வயிறு மேலே சரிந்து, பேன்ட் அதற்குக் கீழே நிற்கிறதென்றால் 1 மணிக்குச் சற்று வெளியே வைத்துப் பார்க்கலாம். எனக்கு அப்படியும் ஒத்துவரவில்லை. நான் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவன். 4 மணிக்கே திரும்பிவிட்டேன்.

முன்பக்கத்தில் ஒரு அபாயம் மறைக்கக் கூடாதது. குழல் நோக்கும் திசையில் தொடையின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. எடுக்கும்போது நடக்கும் விபத்தைவிடத் திரும்ப உறைக்குள் வைக்கும்போது நடக்கும் விபத்தைத்தான் பயிற்சியாளர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிறோ விசைக்குள் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் முடிந்தது. ஆகவே இடுப்பை முன்னால் தள்ளி, மேலுடலைப் பின்னால் சாய்த்து, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். அவசரமாக உள்ளே வைக்க வேண்டிய தேவை எவருக்கும் கிடையாது. இந்த ஒழுக்கத்தைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளத் தயாரில்லாதவருக்கு நான் முன்பக்கத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாவது, பேன்ட்டுக்கு வெளியே பெல்ட்டில் மாட்டுவது. சுகத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இதுதான் முதலிடம். தோலில் எதுவும் உரசாது. ஆனால் மேலே ஒரு ஜாக்கெட்டோ நீளச் சட்டையோ இல்லாமல் மறையாது. ஆகஸ்ட் மாத ஹூஸ்டனில், வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படியும் புழுக்கத்தில், ஜாக்கெட் போட்டவரை ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்கு இது டிசம்பர், ஜனவரிக்கான உறை.

பொருள் என்று பார்த்தால் தோல், கைடெக்ஸ், இரண்டும் கலந்த கலப்பின உறை. தோல் உடம்போடு பழகும். நல்ல குதிரைத்தோல் உறை சில மாதங்களில் அணிபவரின் இடுப்பு வளைவையே எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் மாறுவேடத்தில் போதைப்பொருள் தடுப்பு வேலை பார்த்த புரூஸ் நெல்சன் வடிவமைத்து, ஐடஹோவின் மில்ட் ஸ்பார்க்ஸ் பட்டறை புகழ்பெறச் செய்த 'சம்மர் ஸ்பெஷல்' என்ற உறையின் சாயல் இன்றைய தோல் உறைகள் பலவற்றில் இருக்கிறது. அதன் வாயில் ஒரு உலோகப் பட்டை தைத்திருப்பார்கள், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாதபடி. தோல் உறை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வியர்வையில் ஊறி, வருஷக்கணக்கில் நைந்து, வாய் தொய்ந்த தோலின் மடிப்பே விசையை அழுத்திவிடக்கூடும். அப்படித் தொய்ந்ததைத் தூக்கிப் போட மனசு வராது. போட்டுத்தான் ஆக வேண்டும்.

கைடெக்ஸ் 1965இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் விமானத்தின் உட்பகுதிகளுக்காக உருவாக்கிய பிளாஸ்டிக். சூடாக்கி, துப்பாக்கியின் அச்சின் மேல் அழுத்தி எடுத்தால் அதே வடிவத்தில் இறுகிவிடும். துப்பாக்கி உள்ளே போய் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அது விசைக் காப்பு மாட்டிக்கொண்ட சத்தம். வியர்வை ஏறாது, கழுவினால் போதும். முதல் வாரம் முரடாகத் தெரியும். விளிம்பு தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். மலிவானதில் அது கத்தி மாதிரி நிற்கும். உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டால் முக்கால்வாசி உறுத்தல் போய்விடும்.

கலப்பினத்தில் முன்னால் கைடெக்ஸ் ஓடு, பின்னால் அகலமான தோலோ நியோபிரீனோ இருக்கும். கனம் பரவுவதால் 4 மணியில் உட்காரச் சுகம். ஆனால் பின்பலகை வியர்வையில் நனைந்து மெத்தென்று ஆக ஆக, உறையின் வாயும் இளகும். வருடத்துக்கொரு முறை சந்தேகத்தோடு பரிசோதிக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் இது சரி. நைலானில் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் பை இந்தப் பட்டியலுக்கே வராது. நான் முதலில் வாங்கியதும் அதுதான். பயிற்சி வகுப்பில், நல்லவேளையாகக் காலித் துப்பாக்கியோடு, எடுத்துக் காட்டச் சொன்னார்கள். துப்பாக்கியும் உறையும் சேர்ந்தே கையோடு வந்தன. கிளிப் பெல்ட்டைப் பிடிக்கவே இல்லை. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

உறையைப் பற்றி இவ்வளவு பேசும் பலர் பெல்ட்டை மறந்துவிடுகிறார்கள். தோட்டா நிரப்பிய கிளாக் 19 ஏறத்தாழ 850 கிராம். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய பெல்ட்டில் அது தொங்கும், தொங்குவதை இழுத்துக்கட்டப் பெல்ட்டை இறுக்குவீர்கள், இறுக்கியதும் உறை எலும்பில் பதியும். உறை சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்குவீர்கள். ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்பான தகடோ பிளாஸ்டிக் பட்டையோ வைத்துத் தைத்த பெல்ட் 50 முதல் 100 டாலருக்குக் கிடைக்கும். கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கித் தளர்த்தும் பல்வரிசை பெல்ட்டானால் சாப்பிட்ட பிறகு ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம். பேன்ட்டும் வழக்கத்தைவிட ஓர் அங்குலமாவது இடுப்பு பெரியதாக வேண்டும். தம்பியிடம் 20 டாலர் உறையோடு முதலில் மாற்றச் சொன்னது பெல்ட்டைத்தான்.

பெல்ட்டே போடாதவர்களுக்கு? என் மனைவிக்குக் குர்தா, சுடிதார்தான் உடை. இடுப்பில் நாடா, அதில் எதையும் மாட்ட முடியாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டைகள் மிக மிருதுவானவை. ஆனால் பல பட்டைகளில் விசையின் மேல் ஒரு துணிதான் இருக்கிறது. கெட்டியான ஓடு தைத்ததாகப் பார்த்தால்தான் சரி. ஃபிளஸ்டரின் எனிக்மா போன்றவை இன்னொரு வழி. கைடெக்ஸ் உறையை ஒரு சட்டகத்தில் பொருத்தி, அதற்கென்றே உள்ள பட்டையால் உடம்பில் கட்டி, தொடையில் ஒரு நாடாவால் இழுத்து நிறுத்துவது. உடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டி முடிக்க, சரிசெய்ய, முதல் பத்து நாள் பொறுமை வேண்டும். மனைவி அதைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். நாடாவை இரண்டு முறை மாற்றிக் கட்டிய பிறகு குத்தவில்லை என்றார்.

கைப்பையில் வைப்பதுதானே எல்லாவற்றிலும் சுலபம் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவின் ஹேடன் நகரில் ஒரு கடைக்குள், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்டது. துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துச் செய்த பைதான் அது. அந்த 29 வயதுத் தாய் அங்கேயே இறந்தார். வீட்டில் குழந்தை இருக்கும் எவருக்கும் பை ஒரு தேர்வே இல்லை.

மற்றவை சுருக்கமாக. கணுக்கால் உறை எப்போதும் உட்கார்ந்தே இருப்பவருக்கும், இரண்டாவது துப்பாக்கி வைக்கும் போலீஸ்காரருக்கும். தோள் உறைக்கு எப்போதும் கோட்டு வேண்டும். முதுகின் நடுவில் வைப்பது வேண்டவே வேண்டாம். மல்லாக்க விழுந்தால் தண்டுவடத்துக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு. பேன்ட் பையில் வைப்பது, துப்பாக்கி சிறியதாக இருந்தால், நிஜமாகவே சுகமானது. 275 கிராம்கூட இல்லாத ரூகர் எல்சிபி, அல்லது ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற ஐந்து குண்டு ரிவால்வர். அதற்கும் விசையை மூடும் பை உறை கட்டாயம். அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் எடுப்பது மிகக் கடினம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியையே மாற்றுவதும் ஒரு வழிதான். 2018இல் வந்த சிக் பி365 ஓர் அங்குல அகலத்தில், காலியாக அரைக் கிலோவில் பத்துத் தோட்டா கொள்கிறது. சின்னது சுடும்போது கையில் அதிகம் உதைக்கும். உதைப்பதால் பயிற்சிக்குப் போக மனம் வராது. தம்பியிடம் இருக்கும் துப்பாக்கியையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

புது உறை வந்ததும் வெளியே கிளம்பிவிடக் கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, மூன்று முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, உறையோடு கட்டிலுக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக் கூடாது. பிறகு இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே அணியுங்கள். ஷூ லேஸ் கட்டுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், காரில் போய் உட்கார்ந்து சீட் பெல்ட் மாட்டுங்கள். கழிவறையில் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பழகுங்கள். துப்பாக்கி உறைக்குள்ளேயே, உறை பேன்ட்டோடேயே, முழங்கால்களுக்கு நடுவில் இருக்கட்டும். எடுத்து வெளியே வைத்த கணத்தில் மறந்துபோகும் வழி திறந்துவிடுகிறது. உறையைத் தினமும் கால் அங்குலம் நகர்த்திப் பாருங்கள், உயரத்தை ஒரு திருகு ஏற்றி இறக்குங்கள். முதல் நாள் ஆகாது என்று தோன்றிய உறை, ஆறாம் நாள் கால் அங்குல நகர்வில் சரியாகிவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஒல்லி, தொந்தி கிடையாது, நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, வலக்கைக்காரர், வீட்டில் மூன்று வயது மகள். வகுப்புக்குப் போவதாகவும் வாக்குக் கொடுத்தார். அதனால் முன்பக்கம், 1 மணி, கிளாவும் ஆப்பும் வைத்த கைடெக்ஸ் உறை, விறைப்பான பெல்ட் என்று முடிவானது. எல்லாம் சேர்ந்து 150 டாலர் சுமார். வகுப்பு தனி. நின்று வேலை பார்ப்பவராக இருந்திருந்தால் என்னைப் போல 4 மணியில் சாய்த்துக் கட்டச் சொல்லியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து அதே கடையில் பார்த்தேன். கீழ்த்தட்டிலிருந்து 20 பவுண்டு பொன்னி அரிசிப் பையை முழங்கால் மடக்கி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையில் மகள். பில் போட்டு, காசு கொடுத்து, வெளியே போய் டிக்கியை மூடும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு முறைகூட அவர் கை இடுப்புக்குப் போகவில்லை.